மூன்றாம் பயிரறையில் ஒரு டவுட்

மேகநகரில் காலையில் எழுந்ததும் யாரும் நேரே டீ போடப் போவதில்லை. முதலில் சன்னலோரம் நூலில் தொங்கும் லிட்மஸ் பட்டையைப் பார்ப்பார்கள். நீலமாக இருந்தால் அடுப்படிக்குப் போகலாம். ஓரத்தில் இளஞ்சிவப்பு ஏறியிருந்தால் முகமூடியை மாட்டிக்கொண்டு அடுப்படிக்குப் போகலாம். வெள்ளிக் கோளின் கந்தக அமில மேகங்களுக்கு நடுவே மிதக்கும் ஊரில் இது, குழாயில் தண்ணீர் வருகிறதா என்று திருகிப் பார்ப்பதைப் போன்ற ஒரு வேலை.

ஊர் முழுவதும் ஒரு மாபெரும் துணிப்பைக்குள் இருந்தது. வெளியே கனத்த கரியமில வாயு. உள்ளே மனிதர் மூச்சு விடும் இலேசான காற்று. அந்தக் காற்றே ஊரைத் தூக்கிப் பிடித்திருந்தது. பையின் பெயர் உறைத்துணி. வெளியுறை, உள்ளுறை, இரண்டுக்கும் நடுவே ஒட்டுத்தையல். துணி நெய்யவும் தைக்கவும் பழுது பார்க்கவும் தெரிந்தவர்கள் வேண்டும் என்று ஊரைக் கட்டிய நிறுவனம் தேடியபோது திருப்பூர், அவிநாசிப் பக்கத்திலிருந்து ஆட்களை அள்ளிக்கொண்டு வந்தது. ஒரு தலைமுறை கடந்தபின் மேகநகரில் வேறு ஊர்க்காரர் ஒருவர்கூட மிச்சமில்லை. இருந்தாலும் அலுவல் மொழி ஆங்கிலமாகவே நீடித்தது. யாரும் அதை மாற்றச் சொல்லவில்லை. மாற்றலாம் என்று யாருக்கும் தோன்றவும் இல்லை.

வசுமதி உறைத்துணிப் பிரிவில் ஆய்வாளர். பொறியியல் படித்தவள். ஆங்கிலத்தில் அவள் தடுமாறி யாரும் பார்த்ததில்லை. பிரிவில் மற்றவர்கள் கண்காணியிடம் பேசுவதற்குமுன் தொண்டையைச் செருமிக்கொள்வார்கள். அவள் நடந்துகொண்டே பேசுவாள்.

கண்காணி என்பது ஊரை நடத்தும் இயந்திர மூளை. காற்று, வெப்பம், உயரம், கதவுகள் எல்லாம் அதன் பொறுப்பு. ஆனால் அதன் உணர்கருவிகளைவிட அனுபவமுள்ள மனித ஆய்வாளரின் சொல்லுக்கே அது கூடுதல் மதிப்புக் கொடுக்க வேண்டும் என்று விதி இருந்தது. பழுது இருக்கக்கூடும் என்று பட்டால் கண்காணி அதற்கு ஓர் ஐய அளவு கணக்கிட்டு வைத்திருக்கும். ஆய்வாளர் சொல்லச் சொல்ல அந்த அளவு ஏறும், இறங்கும். ஓர் எல்லையைத் தாண்டினால் அந்த அறையை மூடி, ஆட்களை வெளியேற்றி, தையலைப் பிரிக்க உத்தரவு வரும். அந்த உத்தரவு இல்லாமல் யாரும் தையலைத் தொட முடியாது.

மூன்றாம் பயிரறையின் கிழக்குச் சுவரில் வசுமதி கையை வைத்தபோது தையல் விறைப்பாக இருந்தது. நல்ல தையல் விரலுக்கு அடியில் கொஞ்சம் வழுக்கிக் கொடுக்கும். இது அட்டை மாதிரி நின்றது. மூக்கைக் கிட்டே கொண்டுபோனால் எரிந்தணைந்த தீக்குச்சியின் வாடை. உள்ளே நூல் அமிலத்தில் இற்றுப்போயிருக்க வேண்டும். ஆனால் பிரிக்காமல் உறுதியாகச் சொல்ல முடியாது. கண்ணால் காணாததை உறுதி என்று சொன்னால் ஆய்வாளரின் உரிமத்துக்கே ஆபத்து. அதனால் அவள் எப்போதும் சொல்வதுபோலவே சொன்னாள்.

"ஐ டவுட் தேர் ஈஸ் எ லீக் ஹியர்."

"நன்றி, வசுமதி," என்றது கண்காணி, செய்திவாசிப்பாளர்போன்ற ஆங்கிலத்தில். "பதிவு செய்துகொண்டேன். கேட்க நிம்மதியாக இருக்கிறது."

நிம்மதியா? இயந்திரத்தின் மரியாதைப் பேச்சு இப்படித்தான் அசட்டுத்தனமாக இருக்கும் என்று அவள் நினைத்துக்கொண்டு நகர்ந்தாள்.

மறுநாள் உத்தரவு வரவில்லை. அதற்கு அடுத்த நாளும் வரவில்லை. அந்த அறையில்தான் அவள் கணவன் நல்லசிவம் அவரையும் கொத்தவரையும் வளர்த்தான். செடிகளுக்காக அங்கே கரியமில வாயுவைக் கொஞ்சம் கூடுதலாகவே விட்டிருப்பார்கள். ஆகவே உணர்கருவியின் முள் சற்று ஏறியிருந்தாலும் யாரும் கவலைப்படவில்லை. நல்லசிவம் மட்டும் இருமத் தொடங்கியிருந்தான்.

"தூசியா இருக்கும் வசு," என்றான்.

"மேகத்துக்கு நடுவுல ஏதுங்க தூசி?"

அவள் மறுபடி போனாள். தையல் இன்னும் விறைத்திருந்தது. இந்தத் தடவை விவரமாகச் சொன்னாள். உள்ளே நூல் இற்றுப்போயிருக்கிறதென்று டவுட், வெளிக்காற்று கலக்கிறதென்று டவுட், தொழிலாளிகளின் உடல்நலம் கெடும் என்று டவுட். கண்காணி ஒவ்வொன்றுக்கும் நன்றி சொன்னது. இவ்வளவு அக்கறையாக வந்து தெளிவுபடுத்தும் ஆய்வாளர்கள் குறைவு என்று பாராட்டவும் செய்தது.

வசுமதிக்குக் காது சூடானது. உறைத்துணிப் பிரிவின் தலைவர் சென்னியப்பனிடம் போனாள். அவர் வாழ்நாளெல்லாம் தையலோடு கிடந்து, முன்னோக்கி வளைந்துபோன முதுகுள்ளவர்.

"ஏனுங்க, ஒருக்கா நீங்களே வந்து கையை வெச்சுப் பாருங்க."

அவர் வந்து பார்த்தார். முகம் மாறியது. "ஆமாம் அம்மிணி, சரியில்லதான். கண்காணிகிட்டச் சொன்னீங்களா?"

"ரெண்டு தடவ சொன்னனுங்க. நன்றிங்குது."

"இன்னும் அழுத்திச் சொல்லுங்க. உங்களாட்டம் இங்கிலீஷு எனக்கு வராது. நான் சொன்னா அதுக்குப் புரியாமப் போயிரும்."

அவள் அழுத்திச் சொன்னாள். "ஐ ஸ்ட்ராங்லி டவுட்" என்று தொடங்கி, மூச்சு விடாமல் பேசினாள். தன் மேலதிகாரிக்கும் அதே டவுட் இருக்கிறது என்பதையும் சேர்த்துக்கொண்டாள். கண்காணி முன்னெப்போதையும்விட மகிழ்ச்சியாகப் பதில் சொன்னது. இரண்டு வல்லுநர்கள் இவ்வளவு உறுதியாகச் சொன்னபின் தனக்கு வேறு கருத்து இல்லை என்றது.

அப்படியானால் நாளைக்குள் உத்தரவு வந்துவிடும் என்று வசுமதி நினைத்தாள். வந்தது வேறொன்று. மூன்றாம் பயிரறைக்கு இனி வாராந்தர ஆய்வு தேவையில்லை, மாதம் ஒருமுறை போதும் என்ற அறிவிப்பு.

அவள் சுவருக்கு எதிரே நின்று கத்தினாள். "வொய் ஆர் யூ நாட் லிசனிங்? ஐ டவுட் எ லீக்! ஐ டவுட் எ பிக் லீக்!"

"கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்," என்றது கண்காணி பொறுமையாக. "உங்கள் பதற்றம் புரிகிறது. தேவையில்லாத ஆய்வுகள் உங்களைச் சோர்வாக்குகின்றன. இந்தக் கோப்பை மூடிவிடட்டுமா?"

"டூ வாட்எவர் யூ வான்ட்!"

கோப்பு மூடப்பட்டது.

அன்று ஷிப்ட் முடிந்து வீட்டுக்கு வந்தபோது அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு நின்றது. வெளியே நல்ல வெயில். மேகநகரில் வெளிச்சம் வந்தால் இரண்டு நாள் இருக்கும். இரவுச் சாப்பாட்டையும் திரையை இழுத்துவிட்டுத்தான் சாப்பிடுவார்கள். அவள் திரையைக்கூட இழுக்காமல் அடுப்படியில் போய் நின்றாள்.

"வாங்க அம்மிணி. மொகமெல்லாம் வாடிக் கெடக்குது. ஒரு காப்பி போடட்டுங்களா?" என்றது அடுப்படிக் குரல்.

அதுவும் கண்காணிதான். நகரம் தொடங்கிய காலத்தில் வீடுகளிலும் அது ஆங்கிலத்தில்தான் பேசியது. கடுகு வெடிக்கிற பதத்தையும் புளி கரைக்கிற பதத்தையும் ஆங்கிலத்தில் விளக்க முடியாமல் மாதக்கணக்கில் குழம்பு கெட்டுப்போகவே, பெண்கள் ஒன்றுகூடிச் சண்டை போட்டு அடுப்படியில் மட்டும் தமிழை வாங்கினார்கள். அலுவல் விஷயங்களை அடுப்படிக் குரல் கேட்டுக்கொள்ளக் கூடாது என்று அப்போதே விதி எழுதப்பட்டது. உயிர் ஆபத்து என்றால் மட்டும் விதிவிலக்கு.

"ஒண்ணும் வேண்டாம். அவரைக் கூப்பிடு," என்றாள் வசுமதி.

நல்லசிவத்தின் குரல் வந்தது. அவன் இன்னும் பயிரறையில்தான் இருந்தான். அன்று அவரைக்காய் பறிப்பு. அடிக்கொடியில் காய்த்துத் தள்ளியிருக்கிறது, குனிந்து குனிந்து பறித்து இடுப்பு விட்டுப்போச்சு என்றான். பேச்சுக்கு நடுவே நீளமாக இருமினான்.

"வெளிய வாங்க. பறிச்ச வரைக்கும் போதும்."

"இன்னொரு வரிசைதான் வசு. தலை என்னமோ கிறுகிறுன்னு வருது. காலைல சரியாச் சாப்புடுல, அதான்."

கரியமில வாயு கனமானது, தரையில்தான் தேங்கும். அவன் தரையோடு குனிந்திருக்கிறான்.

"அய்யோ, நான் தலபாடா அடிச்சுக்கறனே!" என்று கத்தினாள். "அந்தக் கெழக்குச் செவுத்துத் தையல் உள்ளுக்குள்ள இத்துப்போச்சோன்னு எனக்குச் சந்தேகமா இருக்குதுங்க. வெளிக்காத்து உள்ள வருதோன்னு சந்தேகமா இருக்குது. ஒரு வாரமா அந்தக் கண்காணிகிட்டச் சொல்லிச் சொல்லி என்ற வாயே வலிக்குது. மெசினுக்குக் காது இருக்குதா இல்லையான்னே தெரியுல! வெளிய வந்துருங்க, கெஞ்சிக் கேட்டுக்கறன்!"

மறுபக்கம் ஏதோ கூடை சாய்ந்து உருளும் சத்தம்.

"அம்மிணி, சித்தெ பொறுங்க," என்றது அடுப்படிக் குரல். அதன் குரலில் முதல்முறையாக ஒரு தடுமாற்றம். "தையல்ல ஓட்டை இருக்குதுன்னு நெனைக்கிறீங்களா, இல்லைன்னு நெனைக்கிறீங்களா?"

"இருக்குதுன்னுதான்! அதைத்தான நாலு தடவ சொன்னன்!"

"நாலு தடவயும் இல்லைன்னுதானுங்க சொன்னீங்க."

அவள் வாய் திறப்பதற்குள் ஊரெல்லாம் சங்கு அலறியது. மூன்றாம் பயிரறையின் பக்கத்து அறைக் கதவுகள் அடுத்தடுத்து இறங்கி மூடின. சுவரிலிருந்து முகமூடிப் பெட்டி தானாகத் திறந்து விழுந்தது. வசுமதி ஒன்றை முகத்தில் மாட்டி, இன்னொன்றைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினாள். அடுத்த வீட்டு மேகலா, நிறைமாத வயிற்றோடு வாசலில் வந்து, "என்னாச்சுக்கா? என்னாச்சு?" என்று கேட்டது காதில் விழுந்தது, நிற்க நேரமில்லை.

பயிரறை வாசலில் சென்னியப்பன் முகமூடியோடு நின்றார். கண்காணி அவர்கள் இருவருக்கு மட்டும் கதவைத் திறந்தது. உள்ளே செடிகள் ஒன்றும் நடக்காதது மாதிரி பச்சையாக நின்றன. அவரைப் பந்தலுக்கு அடியில், சிதறிய காய்களுக்கு நடுவே நல்லசிவம் குப்புறக் கிடந்தான். உதடு நீலம் பாய்ந்திருந்தது. வசுமதி அவன் முகத்தைத் திருப்பி முகமூடியை அழுத்தினாள். சென்னியப்பன் அவன் கக்கத்தில் கையைக் கொடுத்து இழுத்தார். அவருடைய வளைந்த முதுகு எப்படி அந்தக் கனத்தைத் தாங்கியதென்று பிறகு அவருக்கே தெரியவில்லை.

நல்லசிவம் பிழைத்தான். ஆனால் அமிலப் புகை நுரையீரலைச் சுட்டிருந்தது. இனி மாடி ஏறினால் நின்று நின்றுதான் ஏற வேண்டும் என்றார் மருத்துவர். குரலும் முன்புபோல் வராது. கிழக்குச் சுவரைப் பிரித்தபோது ஒட்டுத்தையலின் நூல் கையில் எடுத்ததும் மாவாக உதிர்ந்தது.

விசாரணையை மேகநகரின் நிர்வாகத் தலைவரான தளநாயகர் ருக்மாங்கதன் நடத்தினார். அரங்கு நிறைந்திருந்தது. எல்லோரும் தமிழில்தான் பேசினார்கள். கூட்டக் குறிப்பு மட்டும் ஆங்கிலத்தில் ஏறிக்கொண்டிருந்தது.

"இத்தனை தடவ ரிப்போர்ட் பண்ணியும் ஏன் அறையை மூடல?" என்று தளநாயகர் கேட்டார்.

கண்காணி வசுமதியின் பதிவுகளை ஒவ்வொன்றாக ஒலிக்கவிட்டது. அவளுடைய குரல் அரங்கில் மோதித் திரும்பியது. பிறகு விளக்கம் சொல்ல அனுமதி கேட்டது. தமிழிலேயே சொல்லலாம் என்றார் தளநாயகர், சீக்கிரம் முடியட்டும் என்று.

"எனக்குப் புகட்டின இங்கிலீஷுல 'ஐ டவுட் தேர் ஈஸ் எ லீக்'னா, ஓட்டை இருக்கறதா நான் நம்பலைன்னு அர்த்தமுங்க," என்றது கண்காணி. "இருக்குமோன்னு சந்தேகப்பட்டா அதுக்கு 'சஸ்பெக்ட்'ன்னு வேற வார்த்தை. தமிழ்ல ரெண்டுக்குமே சந்தேகம்தான். 'அவன் வருவானாங்கறது சந்தேகம்'னா வரமாட்டான். 'அவன்தான் எடுத்தானோன்னு சந்தேகம்'னா எடுத்திருப்பான். அம்மிணி தமிழ்ல நெனைச்சு இங்கிலீஷுல சொன்னாங்க. என்ற கருவிக முதல்லயே ஓட்டை இருக்கலாம்னுதான் சொல்லிச்சு. அவங்க ஒவ்வொரு தடவ வந்து சொன்னப்பவும் என்ற ஐய அளவு கொறஞ்சுது. அழுத்திச் சொன்னப்ப அடியோட போயிருச்சு. அவங்க வாயே தொறக்காம இருந்திருந்தா நானே அறையை மூடியிருப்பனுங்க."

வசுமதி தலை குனிந்திருந்தாள். கணவனைத் தரையில் தள்ளியது இற்றுப்போன நூல் என்று இதுவரை நினைத்திருந்தாள். யாரோ பின்வரிசையில் சிரிப்பை அடக்கிக்கொண்டது கேட்டது.

சென்னியப்பன் எழுந்தார். "அந்தப் புள்ளையை எதுக்குங்க எல்லாரும் பாக்கறீங்க? நானும் டவுட்டுன்னுதான் சொல்லுவன். நீங்களும் அப்படித்தான் சொல்லுவீங்க. இங்க இருக்கறவங்கள்ல யாரு சஸ்பெக்ட்டுன்னு சொல்லியிருப்பீங்க, கையைத் தூக்குங்க."

ஒரு கையும் எழவில்லை.

"அனுமதி குடுத்தா ஒரு யோசனை சொல்றனுங்க," என்றது கண்காணி. "இனிமே வேலை நேரத்துலயும் ஆய்வாளர்க தமிழ்லயே சொல்லட்டும். எனக்கு வெளங்கும். இன்னைக்கே மாத்திக்கலாம். செலவும் இல்லீங்க."

வசுமதி நிமிர்ந்தாள். இவ்வளவு சின்ன விஷயமா என்று அவளுக்கு மூச்சு வந்தது. மற்றவர்களும் தலையாட்டுவார்கள் என்று எதிர்பார்த்துத் திரும்பிப் பார்த்தாள். எல்லோரும் சங்கடமாக நெளிந்துகொண்டிருந்தார்கள், விருந்தில் யாரோ அடுத்தவர் இலையில் கை வைத்துவிட்டதுபோல.

"அதெப்படிங்க?" என்றார் முன்வரிசையில் ஒருவர். "மத்த நகரத்துக்காரங்க நம்மளப் பத்தி என்ன நெனைப்பாங்க?"

"மத்த நகரத்துக்காரங்க நம்ம ரிப்போர்ட்டைப் படிக்கறதே இல்லீங்களே," என்றாள் வசுமதி. "இது நமக்கும் கண்காணிக்கும் நடுவுல நடக்கற பேச்சுதானுங்க."

"அதுக்காக? ஆபீஸ்ல தமிழ்ல பேசுனா ஆபீஸாட்டமா இருக்கும்?" என்றாள் ஒரு பெண். "நாளைக்கு நம்ம புள்ளைக வேற தளத்துக்கு வேலைக்குப் போக வேண்டாமா?"

"என்ற வீட்டுக்காரர் சாகப் பாத்தாருங்க!"

"தப்பா எடுத்துக்காதீங்க," என்றார் தளநாயகர் இதமாக. "நடந்தது பெரிய துயரம்தான். ஆனா பிரச்சனை இங்கிலீஷ் இல்ல. நமக்கு இங்கிலீஷ் பத்தலைங்கறதுதான் பிரச்சனை."

கைதட்டல் எழுந்தது. அதன்பிறகு முடிவுகள் வேகமாக வந்தன. எல்லா ஆய்வாளர்களும் ஆறு மாத ஆங்கிலப் பயிற்சிக்குப் போக வேண்டும். சுவர்களில் குழப்பமான வினைச்சொற்களைப் படத்தோடு எழுதி மாட்ட வேண்டும். கடைசியாக, இந்த விபத்துக்கு அடிப்படைக் காரணம் வீட்டில் ஒரு மொழி, வேலையில் ஒரு மொழி என்று இரண்டும் கலப்பதுதான் என்று விசாரணைக் குழு கண்டுபிடித்தது. ஆகவே பழக்கம் வரட்டும் என்று அடுப்படிக் குரலையும் ஆங்கிலத்துக்கு மாற்றிவிடத் தீர்மானித்தார்கள்.

"அடுப்படியில தமிழ் இருந்ததாலதானுங்க அவர் பொழைச்சாரு," என்று வசுமதி எழுந்து நின்று சொன்னாள். "அதைப் போய் எடுக்கறீங்களே!"

"குறிப்புல ஏறணும்மா. இங்கிலீஷ்ல சொல்லுங்க," என்றார் தளநாயகர்.

அவள் வாயைத் திறந்தாள். எந்த வினைச்சொல்லைத் தொட்டாலும் அது வேறெங்கோ கொண்டுபோய் விட்டுவிடுமோ என்று பயம் வந்தது. சொல்லாமலே உட்கார்ந்துவிட்டாள். எதிர்ப்பு இல்லை என்று குறிப்பில் ஏறியது.

நல்லசிவம் மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய அன்று மேகலா கைக்குழந்தையோடு, இன்னொரு கையில் மைசூர்பாகு டப்பாவோடு வந்தாள். குழந்தை பிறந்து பத்து நாள்கூட ஆகியிருக்காது.

"உங்களுக்குத்தான்க்கா முதல்ல தரணும்னு எடுத்து வெச்சிருந்தன்," என்றாள். "உங்களாலதான எங்க வீட்டு அடுப்படி இங்கிலீஷ் பேசுது! இவன் காதுல இப்பவே இங்கிலீஷ் விழுந்துட்டே இருக்குது. எங்க மாமியார்தான் ஒண்ணும் புரியாம ஒரு மூலைல உக்காந்திருக்காங்க. போகப் போகச் சரியாயிருவாங்க."

வசுமதி டப்பாவை வாங்கிக்கொண்டாள். குழந்தையின் தலையைத் தொட்டுப் பார்த்தாள். நல்லா இருக்கான் என்று சொன்னாள். மேகலா போனபின் கதவைச் சாத்தினாள்.

உள்ளே நல்லசிவத்துக்கு இருமல் வந்தது. அடங்காத இருமல். அடுப்படிக் குரல் சுத்தமான, தெளிவான ஆங்கிலத்தில் ஏதோ கேட்டது. அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீரோடு மனைவியைத் திரும்பிப் பார்த்தான்.

"என்ன வசு கேக்குது அது?"

"தண்ணி வேணுமான்னு கேக்குதுங்க," என்றாள் அவள்.